தட்டு மட்டும் போதும்

மே 3

அன்புள்ள அக்காவுக்கு,

ஒன்பது முறை ஃபோன் செய்தேன். ஒன்பது முறையும் நீ எடுக்கவில்லை. பத்தாவது முறை எடுத்து, "மெஷின்ல உக்காந்திருக்கேன், அப்புறம் பேசறேன்" என்று சொல்லி வைத்துவிட்டாய். கடிதத்தை நீ அப்படிப் பாதியில் துண்டிக்க முடியாது. அதனால் எழுதுகிறேன்.

போன சனிக்கிழமை அங்கே நிலம் ஆடியதே, அதைப் பற்றி அன்று உன்னிடம் கேட்டபோது என்ன சொன்னாய்? "ஒண்ணுமில்லடா, தம்ளர்ல தண்ணி கொஞ்சம் ஆடுச்சு, அவ்வளவுதான்." நானும் நம்பினேன். நேற்று நம் கீழ்த்தளத்தில் பள்ளி நடத்தும் டீச்சர் எனக்கு ஒரு படம் அனுப்பியிருந்தார். பள்ளிக்கு விடுமுறை விட்டதால் வருகைப் பதிவேட்டை எடுத்துப்போக வந்தாராம். தெருப்பக்கச் சுவரில் மாட்டியிருந்த இரும்புத் தட்டுகளில் ஒன்று கழன்று, அவருடைய சைக்கிளுக்குப் பக்கத்தில் கிடந்திருக்கிறது. "இது உங்க தட்டுதானே சார், திரும்ப மாட்டிடலாமா?" என்று வெள்ளந்தியாகக் கேட்கிறார்.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். தட்டின் பின்பக்கம் நான்கு சிறிய திருகாணிகளும் கொஞ்சம் சிமென்டும் இருக்கின்றன. சுவரில் தட்டு இருந்த இடத்தில் செங்கல் முழுசாக இருக்கிறது. கம்பி போகும் துளையே இல்லை. துளை இல்லையென்றால் கம்பி இல்லை. கம்பி இல்லையென்றால் அந்தத் தட்டுக்கு அங்கே என்ன வேலை?

நான்கு வருடத்துக்கு முன் வரைபடம் போட்டு, எத்தனை பக்கம் எழுதி விளக்கினேன். நம் வீடு சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய வெறும் செங்கல் கட்டிடம். உள்ளே ஒரு முழம் இரும்பு கிடையாது. மேல்மாடித் தளத்தின் மரச்சட்டங்கள் சுவரில் உள்ள பொந்துகளில் சும்மா தலைவைத்துப் படுத்திருக்கின்றன. நிலம் பலமாக ஆடினால் சுவர் ஒரு பக்கம் போகும், தளம் ஒரு பக்கம் போகும். சுவர் தெருவில் விழும், தளம் கீழே இருப்பவர்கள் தலையில் விழும். அதற்காகத்தான் சுவரைத் துளைத்துக் கம்பி விட்டு, உள்ளே சட்டத்தோடு முடுக்கி, வெளியே தட்டு வைத்து இறுக்கச் சொன்னேன். பதினெட்டு இடத்தில்.

அந்த மேஸ்திரி உன்னை நன்றாக ஏமாற்றியிருக்கிறார். நீயும் ஏமாந்து நின்றிருக்கிறாய். நம் வீட்டின் கீழ்த்தளத்தில் முப்பத்தொரு குழந்தைகள் உட்காருகிறார்கள். இந்தக் கட்டிடம் பலப்படுத்தப்பட்டது என்று கையெழுத்துப் போட்டுச் சான்றிதழ் கொடுத்தவன் நான். அதைப் பார்த்துத்தான் அங்கே பள்ளி நடத்த அனுமதியே கொடுத்தார்கள்.

உடனே செய்ய வேண்டியது ஒன்று. அம்மாவின் அறையில், தெருப்பக்கச் சுவர் ஓரமாக ஒரு தரைப்பலகையைத் தூக்கிப் பார். கம்பி தெரிகிறதா என்று எழுது. அந்த மேஸ்திரி இப்போது எங்கே இருக்கிறார் என்றும் எழுது. அவரை நான் சும்மா விடப்போவதில்லை.

உன் தம்பி


மே 9

தம்பிக்கு,

நான் எப்படி இருக்கிறேன் என்று கேட்கும் வரி உன் கடிதத்தில் இல்லை. அதனால் நானும் அதைத் தாண்டிப் போகிறேன்.

பலகையைத் தூக்கினேன். இரண்டு ஆணி துருப்பிடித்து வர மறுத்தது, கடப்பாரை வைத்து நெம்பினேன். உள்ளே தூசி, ஒரு கரப்பான் கூடு, அப்பா காலத்துச் செய்தித்தாள், ஒரு பல்துலக்கி. கம்பி இல்லை. இரண்டாவது பலகையையும் தூக்கினேன். அங்கேயும் இல்லை. போதுமா?

இப்போது நீ ஒன்றைக் கேள். மேஸ்திரியைத் திட்டாதே. அந்த மனுஷன் ஒரு செங்கல்லைக்கூட ஏமாற்றி வைக்கிறவர் இல்லை. அவர் என்ன செய்தாரோ அது உன் கடிதத்தில் எழுதியிருக்கிறது. அந்தக் கடிதத்தைத் தையல் மெஷின் பெட்டியில் வைத்திருக்கிறேன். நான்கு வருடத்துக்கு முன், ஜூலை 22 தேதி போட்டு, உன் கையால் எழுதியது. இரண்டாம் பக்கம், கடைசிக்கு முந்தைய வரி: "தட்டு மட்டும் போதும், வேறு எதுவும் வேண்டாம்."

எடுத்து வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். எழுத்துப்பிழை கூட இல்லை. மேஸ்திரி "இன்ஜினியர் என்ன சொல்றாரு?" என்று கேட்டார். நான் அந்த வரியைக் காட்டினேன். அவர் தட்டு மட்டும் மாட்டினார். இதில் யார் யாரை ஏமாற்றினார்கள் என்று நீயே சொல்.

அந்தக் கடிதத்தில் இன்னொன்றும் பார்த்தேன். சுவரைப் பற்றி நாற்பத்திரண்டு வரி. அம்மாவைப் பற்றி ஒரு வரி. "அம்மாவைக் கவனித்துக்கொள்." நீ சொல்லித்தான் நான் கவனிக்க வேண்டியிருந்தது போலிருக்கிறது. அங்கே நிலம் ஆடினாலும் அசங்காமல் இருக்கப் பெரிய பெரிய கோபுரங்களுக்கு அடியில் ரப்பர் மெத்தை வைத்துவிட்டு வருகிறவன் அல்லவா, உனக்கு எங்கள் மெத்தை எல்லாம் எங்கே கண்ணில் படப்போகிறது.

கையெழுத்துப் போட்டவன் நான், கையெழுத்துப் போட்டவன் நான் என்று இவ்வளவு பதறுகிறாயே, நீ என்ன வந்து பார்த்தா போட்டாய்? நான் அனுப்பிய ஏழு படங்களைப் பார்த்துப் போட்டாய். அதற்கு ஒரு தையல்காரியே போதும், இன்ஜினியர் எதற்கு?

விழுந்த தட்டைப் படிக்கட்டுக்கு அடியில் வைத்திருக்கிறேன். டீச்சரிடம் மாட்ட வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

அக்கா


மே 14

அக்கா,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் எழுதாமல் இருந்தேன். அன்றே எழுதியிருந்தால் நாக்கில் நரம்பில்லாமல் எழுதியிருப்பேன்.

அந்த வரியை எதற்காக எழுதினேன் என்று உனக்கு ஞாபகம் இல்லையா? நீ கேட்டாய்: "வெளியே தட்டு அசிங்கமாகத் தெரியுமே, சுற்றி சாந்தில் பூ வேலை ஏதாவது செய்து மறைக்கலாமா?" அதற்குப் பதில்தான் அது. வெளிப்பக்கம் தட்டு மட்டும் போதும், பூ வேலை வேண்டாம் என்றேன். அதற்கு மேலே இருக்கும் நாற்பது வரியில் கம்பி என்ற சொல் எத்தனை தடவை வருகிறது, எண்ணினாயா? வரிகளை எண்ணத் தெரிந்தவளுக்கு அது மட்டும் கண்ணில் படவில்லையா?

சரி, கடிதம் குழப்பியது என்றே வைத்துக்கொள்வோம். வரைபடம்? கம்பியைச் சிவப்பில் போட்டு, நீளத்தைப் பக்கத்தில் எழுதியிருந்தேன். முப்பது வருடமாகக் காகிதத்தில் கோடு போட்டு, அதைத் துணியில் வெட்டி, இருபத்தாறு துண்டை ஒரு கோட்டாகத் தைக்கிறவள் நீ. ஒரு கையை முன்துண்டோடு எங்கே சேர்க்கிறது என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வாய். சுவருக்கும் தளத்துக்கும் நடுவில் ஒரு சிவப்புக் கோடு எதற்கு என்று உனக்குப் புரியவில்லை என்றால், அதை நம்ப நான் என்ன காதில் பூ வைத்திருக்கிறேனா?

உனக்குத் தெரியும். அன்றைக்கே தெரியும். தட்டை மாட்டிப் படம் எடுத்து எனக்கு அனுப்பி வாயை அடைத்தாய். படத்தைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டேன் என்று குத்திக் காட்டுகிறாய். ஆமாம், போட்டேன். படம் அனுப்பியது வேறு யாராவது என்றால் போட்டிருக்க மாட்டேன். அக்கா அனுப்பினாள், அதனால் போட்டேன்.

இங்கே வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு நடுக்கத்துக்குப் பிறகு இடிந்த தெருவைப் பார்க்க எங்களை அழைத்துப் போனார்கள். நம் வீடு மாதிரியே செங்கல் வீடுகள். உள்ளே இருந்தவர்கள் பலர் பிழைத்திருந்தார்கள். பயந்து வாசலுக்கு ஓடி வந்தவர்கள் மேல்தான் சுவர் விழுந்திருந்தது. நடைபாதையில் ஒற்றைச் செருப்புகளாகக் கிடந்தன. அதைப் பார்த்துவிட்டு வந்துதான் உங்களுக்கு அந்த நாற்பது வரியையும் எழுதினேன். அதை நீ தெரிந்தே குப்பையில் போட்டிருக்கிறாய்.

நேராக ஒன்று கேட்கிறேன், நேராகப் பதில் எழுது. ஏன் இப்படிச் செய்தாய்?

தம்பி


மே 20

தம்பிக்கு,

ஆமாம், தெரியும்.

வரைபடம் புரிந்தது. சிவப்புக் கோடும் புரிந்தது. நூல் போடாமல் பொத்தானை ஒட்டி வைக்கிற வேலை அது என்று தெரிந்தேதான் செய்தேன். "இன்ஜினியர் இப்படித்தான் எழுதியிருக்காரு, தட்டு மட்டும் போதுமாம்" என்று மேஸ்திரியிடம் வாய் கூசாமல் சொன்னேன். அவர் இரண்டு முறை கேட்டார், "நெஜமாவாம்மா? உள்ள ஒண்ணும் வேணாமா?" என்று. நான் உன் வரியில் விரலை வைத்துக் காட்டினேன். அவர் படித்தவர்களை நம்புகிறவர்.

இப்போது ஏன் என்று சொல்கிறேன், பல்லைக் கடித்துக்கொண்டு முழுசாகப் படி.

மூன்று வாரம் ஆகும் என்றார் மேஸ்திரி. வெளிச்சுவர் ஓரமாக எல்லா அறையிலும் பலகையைப் பெயர்க்க வேண்டும், சுவரைத் துளைக்க வேண்டும். அம்மா படுத்திருந்தது தெருப்பக்க அறை. கட்டிலுக்கு ஒரு பக்கம் ஆக்சிஜன் சிலிண்டர், இன்னொரு பக்கம் சுவர். நான் தலையணை உறையை உதறினாலே அம்மாவுக்கு இருமல் வந்து உதடு நீலமாகிவிடும். டாக்டர் என்ன சொன்னார் தெரியுமா? "இந்த நிலைமையில அவங்கள படியில எறக்காதீங்க. எறக்கினா திரும்ப ஏத்த வேண்டியிருக்காது." இதை அப்படியே உனக்கு எழுதினேன். நீ என்ன பதில் எழுதினாய் என்று ஞாபகம் இருக்கிறதா? "மூன்று வாரத்துக்கு அம்மாவை எங்காவது மாற்று."

எங்காவது. அந்த ஒரு சொல்லைப் படித்துவிட்டு எனக்கு வந்த ஆத்திரத்தில் கத்தரிக்கோலைத் தூக்கி எறிந்தேன், கண்ணாடி அலமாரி உடைந்தது. எங்கே மாற்றுவேன்? சொல். உன் வீட்டுக்கா? நீ ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, "நான் வந்து மூன்று வாரம் கூட இருக்கிறேன்" என்று எழுதியிருந்தால் நான் அந்தச் சுவரை ஊசியால் வேண்டுமானாலும் குடைந்திருப்பேன். நீ வாரத்துக்கு ஒரு கடிதம் போட்டாய். வேலை ஆரம்பித்ததா, எத்தனை துளை போட்டார்கள், படம் அனுப்பு, படம் அனுப்பு.

அம்மா சொன்னாள், "சின்னவன் சொல்றத செஞ்சுடும்மா. இல்லேன்னா எழுதிக்கிட்டே இருப்பான். பாவம், அவன் பயந்தவன்." அதனால் நீ கேட்டதில் படத்தில் தெரிகிறது எதுவோ அதை மட்டும் செய்தேன். ஒன்றரை நாளில் முடிந்தது. அம்மா, "இவ்ளோதானா வேலை?" என்று கேட்டாள். இவ்வளவுதான் என்றேன்.

இதற்காக நான் வருத்தப்படவில்லை. நீ என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள். அந்த ஐந்து மாதம் அம்மா இருமாமல் தூங்கினாள், தன் அறையில், தன் கட்டிலில் போனாள். திரும்பவும் அப்படி ஒரு நிலைமை வந்தால் திரும்பவும் அதையே செய்வேன்.

வருத்தம் வேறு இடத்தில் இருக்கிறது. அம்மா போன பிறகு செய்திருக்க வேண்டும். அறை காலியாகத்தான் கிடந்தது. அடுத்த மாதம், அடுத்த மாதம் என்று தள்ளினேன். செய்யப்போனால் முன்பு செய்யவில்லை என்பது உனக்குத் தெரிந்துவிடும். பிறகு டீச்சர் இடம் கேட்டு வந்தார். அந்தக் குழந்தைகள் கீழே பாட்டுப் பாடும்போது மேலே நான் பாவாடைக்கு ஓரம் அடித்துக்கொண்டிருப்பேன். மூன்று வருடம் அந்தப் பாட்டைக் கேட்டிருக்கிறேன். ஒரு நாளும் அவர்கள் தலைக்கு மேலே இருக்கிறது என் பொய் என்று நான் நினைக்கவில்லை. அன்று நிலம் ஆடியபோதுதான் நினைத்தேன். உன்னிடம் தம்ளர், தண்ணீர் என்று ஏதோ உளறினேன்.

ஜூன் 9 பள்ளி திறக்கிறார்கள். என்ன செய்யலாம் என்று நீ சொல். இந்த முறை நீ என்ன சொன்னாலும் அப்படியே செய்கிறேன்.

அக்கா


மே 25

என் அன்பான அக்காவுக்கு,

உன் முழங்கால் வலி இப்போது எப்படி இருக்கிறது? பலகையை நெம்பியதாக எழுதியிருந்தாயே, அந்த மாதிரி வேலை எல்லாம் இனிமேல் செய்யாதே. வேளாவேளைக்குச் சாப்பிடு. மெஷினில் குனிந்தே இருக்காதே.

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். "எங்காவது" என்று நான் எழுதியது எனக்கு மறந்தே போயிருந்தது. எழுதியிருக்கக் கூடாது. கோபத்தில் நானும் வாய்க்கு வந்தபடி எழுதிவிட்டேன், நீ மனதில் வைத்துக்கொள்ளாதே.

இனி ஆக வேண்டியதைப் பார்ப்போம். பதினெட்டு இடத்திலும் முறையாகச் செய்ய, மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவருக்கும் முட்டுக் கொடுக்க, ஐந்து வாரம் ஆகும். நமக்கு இருப்பது இரண்டே வாரம். அதனால் இப்போதைக்குத் தெருப்பக்கச் சுவரில் இருக்கும் ஆறு இடத்தை மட்டும் செய்துவிடலாம். ஓரமாக ஒரு முழ அகலம் பலகையைத் திறந்தால் போதும். மீதியை அடுத்த விடுமுறையில் பார்த்துக்கொள்ளலாம். அன்று வந்த மாதிரி சின்ன ஆட்டம் என்றால் ஆறே தாங்கும்.

டீச்சருக்கு இப்போது ஒன்றும் சொல்ல வேண்டாம். பெயின்ட் வேலை நடக்கிறது என்று சொல். பழைய மேஸ்திரியே வரட்டும், உள்ளே கம்பி இல்லை என்பது அவருக்கு ஏற்கெனவே தெரியும் என்பதால் புது ஆளிடம் விளக்க வேண்டியதில்லை. விழுந்த தட்டையும் அதே இடத்தில் வைத்துவிடச் சொல்.

நீ என்னைத் தப்பாக நினைக்கக் கூடாது. இங்கே எனக்கு உரிமம் இருப்பதால்தான் வேலை. பொய்ச் சான்றிதழ் கொடுத்தவன் என்று தெரிந்தால் உரிமத்தோடு போகாது, வழக்கு வரும். என் மகளுக்கு இந்த வருடம்தான் கல்லூரி. நான் வேண்டுமென்று எதுவும் செய்யவில்லை, நீயும் வேண்டுமென்று குழந்தைகளுக்குக் கெடுதல் நினைக்கவில்லை. அம்மாவுக்காகச் செய்தாய். இது நம் இருவருக்குள் முடிந்துபோகிற விஷயம். வேறு யாருக்கும் தெரிய வேண்டாம்.

படித்ததும் இந்தக் கடிதத்தைக் கிழித்துவிடு.

என்றும் உன் அன்புத் தம்பி


ஜூன் 1

தம்பிக்கு,

முழங்கால் வலியை விசாரித்து எழுதியிருந்தாய். முதல் வரியைப் படித்ததுமே ஏதோ கேட்கப்போகிறாய் என்று தெரிந்துவிட்டது.

நீ சொன்னபடி செய்கிறேன் என்று வாக்குக் கொடுத்திருந்தேன் அல்லவா, அதனால் முதலில் மேஸ்திரியைப் பார்க்கப் போனேன். அடுத்த தெருவில் சாரம் கட்டி நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் இறங்கி வந்தார். அவருக்குப் பின்னால் சுவரில் கருப்புத் தட்டுகள். நம் தட்டு மாதிரியே, அதே அளவு. என்ன இது என்று கேட்டேன்.

"உங்க வீட்டு வேலைதாம்மா. உங்க தம்பி சொல்லிக் கொடுத்த முறை. உங்களுதுக்கு அப்புறம் இது அஞ்சாவது வீடு."

"உள்ள கம்பி?" என்றேன்.

"கம்பி எதுக்கும்மா? தட்டு மட்டும் போதும்னு அவரே எழுதியிருக்காருல்ல. அன்னிக்கு நீங்க காட்டினீங்களே, அத ஒரு நகல் எடுத்து வெச்சிருக்கேன். யார் சந்தேகப்பட்டாலும் அதத்தான் காட்டுவேன். பெரிய இன்ஜினியர் கையெழுத்து, ஒருத்தரும் மறு பேச்சு பேசறதில்ல."

சட்டைப் பையிலிருந்து எடுத்துக் காட்டினார். மடித்து மடித்துக் கிழிந்த இடத்தில் ஒட்டுப் போட்டிருந்தது. இரண்டாம் பக்கம் மட்டும். உன் கையெழுத்தும் அந்த வரியும் அதில்தான் இருக்கின்றன. ஐந்து வீடு, தம்பி. அதில் ஒன்று பிரசவ ஆஸ்பத்திரி. நான் உண்மையைச் சொன்னேன். அவர் செங்கல் குவியல் மேல் உட்கார்ந்துவிட்டார். பிறகு, "அந்த ஆஸ்பத்திரிலதாம்மா எம்பொண்ணு இப்ப இருக்கா" என்றார். அவரை நீ சும்மா விடப்போவதில்லை என்று எழுதினாயே, வந்து என்ன செய்யப்போகிறாயோ செய்.

நம் இருவருக்குள் முடிந்துபோகிற விஷயமாம். எழுத எப்படி மனம் வந்தது உனக்கு? ஒற்றைச் செருப்புகளைப் பற்றி எனக்குப் பாடம் நடத்தியவன் நீ. பதினெட்டில் ஆறு போதும், பெயின்ட் வேலை என்று சொல், தட்டைத் திரும்ப வை. நான் சொன்ன பொய்க்கு மேல் மாடி கட்டச் சொல்கிறாய். நான் பொய் சொன்னது ஒருத்தி மூச்சு விட வேண்டும் என்பதற்காக. நீ எதற்காகச் சொல்லச் சொல்கிறாய்?

அன்றைக்கே டீச்சரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. "என் பொண்ணும் அங்கதான உக்காருவா" என்று மட்டும் சொன்னார். என்னை வாசலிலேயே நிற்க வைத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார். மறுநாள் குழந்தைகளின் நாற்காலிகளை எல்லாம் ஒரு வண்டியில் ஏற்றிப் போனார்கள். நானும் தூக்கி வைத்தேன். யாரும் வேண்டாம் என்றும் சொல்லவில்லை, நன்றி என்றும் சொல்லவில்லை.

நேற்று கட்டிட ஆய்வு அலுவலகத்துக்குப் போய் எழுதிக் கொடுத்தேன். நான் செய்ததை மட்டும்தான் எழுதினேன். ஐந்து வீட்டு முகவரியும் கொடுத்தேன். அங்கே இருந்த குமாஸ்தா நம் வீட்டுக் கோப்பைத் தேடி எடுத்து என் முன்னால் விரித்தார். நீ நிரப்பிய படிவம் மேலேயே இருந்தது. "கட்டிடத்தை நேரில் பார்வையிட்ட நாள்" என்று ஒரு கட்டம்.

ஜனவரி 17 என்று எழுதியிருக்கிறாய்.

முதலில் எனக்குப் புரியவில்லை. நீ ஏதோ வாயில் வந்த தேதியைப் போட்டிருக்கிறாய் என்று நினைத்தேன். அப்புறம்தான் உறைத்தது. அது அம்மா போன நாள். நீ வந்த ஒரே நாள்.

குமாஸ்தா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். குடித்தேன். வீட்டுக்கு எப்படி வந்தேன் என்று தெரியவில்லை. அன்று காலை நீ வந்து இறங்கியபோது நான் மேலே ஜன்னலில் நின்றுகொண்டிருந்தேன். நீ படியேறி வரவில்லை. எதிர்ப்பக்க நடைபாதையில் நின்று வெகுநேரம் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாய். வந்தவர்கள் எல்லாம் கேட்டார்கள், "தம்பி ஏன் அங்கேயே நிக்கிறான்?" என்று. "அழுகைய அடக்கிட்டு நிக்கிறான், விடுங்க" என்றேன். எனக்கே உன்னைப் பார்த்து அழுகை வந்தது. மூன்று வருடமாக உன் மேல் எவ்வளவு ஆத்திரம் வந்தாலும் அதை நினைத்துத்தான் ஆறியிருக்கிறேன். நீ அங்கே நின்று தட்டை எண்ணிக்கொண்டிருந்தாயா?

பதில் எனக்கு எழுதாதே. உன் கடிதம் எதையும் நான் அலுவலகத்தில் கொடுக்கவில்லை. ஜூலை 22 கடிதமும் என்னிடம்தான் இருக்கிறது, நீ கிழிக்கச் சொன்ன கடிதமும் இருக்கிறது. அக்கா காட்டிக்கொடுத்தாள் என்று நீ சொல்ல நான் இடம் கொடுக்க மாட்டேன். உன் பங்கை நீயே எழுது. எழுதாமல் இருந்தாலும் இரு. ஆனால் இனிமேல் இந்த வீட்டு முகவரிக்கு "அன்புள்ள அக்கா" என்று ஒன்றும் வர வேண்டாம்.


ஜூன் 6

அனுப்புநர்:
கட்டிடப் பொறியாளர்,
கீழ்க்காணும் கட்டிடத்திற்குச் சான்றிதழ் வழங்கியவர்.

பெறுநர்:
கட்டிட ஆய்வு அலுவலர் அவர்கள்.

பொருள்: செங்கல் கட்டிடம் பலப்படுத்தப்பட்டதாக நான் அளித்த சான்றிதழைத் திரும்பப் பெறுதல் தொடர்பாக.

ஐயா,

மேற்படி கட்டிடத்தில் சுவரையும் மேல்தளத்தையும் இணைக்கும் கம்பிகள் ஓரிடத்திலும் பொருத்தப்படவில்லை. வெளியே தெரியும் பதினெட்டுத் தட்டுகளால் எந்தப் பயனும் இல்லை. என் சான்றிதழ் பொய்யானது. அதை இன்றே ரத்து செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இதே முறையில் தட்டு பொருத்தப்பட்ட மற்ற ஐந்து கட்டிடங்களின் முகவரிகள் தங்களிடம் உள்ளன. அவற்றில் பிரசவ ஆஸ்பத்திரியில் உள்ளவர்களை முதலில் வேறிடத்துக்கு மாற்ற வேண்டும். வேலை செய்த மேஸ்திரி மீது குற்றமில்லை. அவர் என் கையெழுத்தை நம்பினார்.

என் சகோதரி தங்களிடம் எழுதிக் கொடுத்திருப்பதில் தன் தவறை மட்டுமே கூறியிருக்கிறார். கம்பிகள் இல்லை என்று தெரிந்த பின்பும், மே 25 அன்று, அதை யாருக்கும் தெரியாமல் மறைத்துவிடும்படி நான் அவருக்குக் கடிதம் எழுதினேன். கடிதத்தைக் கிழித்துவிடவும் சொன்னேன். அது அவரிடம் உள்ளது. தாங்கள் கேட்டால் அவர் அதைத் தரலாம், எனக்கு அதில் மறுப்பில்லை.

என் உரிமத்தைத் தனி உறையில் திருப்பி அனுப்பியிருக்கிறேன். வரும் 12ஆம் தேதி நேரில் வருகிறேன். ஆறு கட்டிடங்களிலும் பலகைகளைத் திறந்து பார்க்கும்போது, தாங்கள் நியமிக்கும் பொறியாளருக்கு உதவியாக நிற்க அனுமதி கோருகிறேன்.

படிவத்தில் நேரில் பார்வையிட்ட நாள் ஜனவரி 17 என்று எழுதியுள்ளேன். அன்று நான் அங்கே சென்றது உண்மை. தெருவில் நின்று தட்டுகளை எண்ணினேன். தெருப்பக்கச் சுவரிலும் பக்கச் சுவரிலுமாகக் கண்ணில் பட்டது பதினொன்று. திரும்பத் திரும்ப எண்ணினேன். எண்ணி முடித்தால் மேலே போக வேண்டியிருக்கும் என்பதால் எண்ணினேன். உள்ளே கம்பி இருக்கிறதா என்று பார்க்க மேல்மாடியில் தெருப்பக்க அறைக்குச் சென்றிருக்க வேண்டும். அந்த அறையில் என் தாயாரின் உடல் இருந்தது. கீழே கொண்டுவரும் வரை நான் படியேறவில்லை. ஆகவே அந்தக் கட்டிடத்தில் நான் எதையும் பார்வையிடவில்லை.

இப்படிக்கு,
கட்டிடப் பொறியாளர்

நகல்: மேல்மாடியில் வசிக்கும் என் அக்கா அவர்களுக்கு.